வெங்காயத் தோலில் பிளாஸ்மா சிதைவு தெரியவே மாட்டேங்குது

தாவரவியல் டீச்சர் | ஜூலை 6, இரவு 9.12

பதினோராம் வகுப்புச் செய்முறை: அடர்ந்த கரைசலில் செல் நீரை இழந்து, சவ்வு சுவரை விட்டு விலகிச் சுருங்குவதைக் காட்ட வேண்டும், அதுதான் பிளாஸ்மா சிதைவு. பெரிய வெங்காயத்தில் உள்பக்கத் தோலை உரித்து, சாஃப்ரனின் சாயம் இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, அதன்மேல் 5 சதவீத சர்க்கரைக் கரைசல். இருபது நிமிஷம் ஆகியும் செங்கல் அடுக்கினாற்போல அப்படியே நிற்கிறது, ஒரு செல்கூடச் சுருங்கவில்லை. நாலு பேட்ச், நாலிலும் இதே கதை. பிள்ளைகள் புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்து கொடுத்துவிட்டார்கள். வெங்காயம் இதற்கு ஆகாது, ரியோ என்ற அலங்காரச் செடியின் இலைதான் வேண்டும் என்பது என் முடிவு. சரிதானே?

பழைய நுண்ணோக்கி | ஜூலை 6, இரவு 10.05

வெங்காயத்தின்மேல் பழி போடாதீர்கள். ஒரே ஸ்லைடில் மூன்று தப்பு இருக்கிறது.

முதல் தப்பு, உரித்த பக்கம். வெங்காய இதழின் குழிந்த உள்பக்கத் தோல் நைலான் காகிதம் மாதிரி அழகாக உரிந்து வரும், அதனால்தான் எல்லோரும் அதை எடுக்கிறோம். ஆனால் அதில் நிறமே கிடையாது. செல்லுக்குள் இருக்கிற சாறும் கண்ணாடி, வெளியே இருக்கிற கரைசலும் கண்ணாடி. நடுவில் சவ்வு விலகினாலும் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஊதா நிறம் புடைத்த வெளிப்பக்கத் தோலில்தான், செல்லின் சாறு நிறைந்த நுண்குமிழிக்குள் ஆந்தோசயனின் என்ற நிறமியாக இருக்கிறது.

இரண்டாவது, சாஃப்ரனின். சாயம் ஏறிய செல் செத்த செல். அயோடினும் அப்படியே. நியூக்ளியஸ் பார்க்க அவை போதும். ஆனால் செத்த செல்லில் சவ்வு ஓட்டைச் சாக்கு, நீர் வேண்டும், உப்பு வேண்டாம் என்று தரம் பிரிக்க அங்கே ஆள் இல்லை. அப்புறம் எந்தக் கரைசலை விட்டாலும் சுருங்காது.

மூன்றாவது 5 சதவீத சர்க்கரை. அதைவிட வெங்காயத்தின் சாறே அடர்த்தி. நீங்கள் சுருக்கப் போய், செல்லுக்குத் தண்ணீர் ஊட்டியிருக்கிறீர்கள்.

ரியோ கிடைத்தால் வேலை சுலபம், மறுக்கவில்லை. இலையின் அடிப்புற ஊதாத் தோல் ஒரே கிழியில் வரும். கிடைக்காவிட்டால் வெங்காயத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

தாவரவியல் டீச்சர் | ஜூலை 6, இரவு 10.31

வெளிப்பக்கத் தோல் உரியவே மாட்டேங்குதே. சதையோடு பிய்ந்து வருகிறது.

பழைய நுண்ணோக்கி | ஜூலை 7, காலை 6.20

உரிக்கக் கூடாது, ஒடிக்க வேண்டும். காய்ந்த சருகை நீக்கி, சதைப்பற்றுள்ள முதல் அல்லது இரண்டாம் இதழை எடுங்கள். நிறம் எங்கே கருத்திருக்கிறதோ அந்தத் துண்டு. புடைத்த பக்கம் கீழே இருக்க, உள்பக்கமிருந்து பிளேடால் பாதி ஆழம் கீறி, கீறலில் மடக்கி ஒடித்து இழுத்தால் ஓரத்தில் ஊதாத் தோல் கந்தல்போலத் தொங்கும். அந்தக் கந்தலின் நுனியில்தான் ஒற்றைச் செல் அடுக்கு கிடைக்கும். 3 மி.மீ. நீளம் போதும். தடித்த பகுதியை வெட்டித் தள்ளுங்கள்.

எடுத்ததும் ஸ்லைடில் உள்ள நீர்ச்சொட்டில் போட்டுவிட வேண்டும். காற்றில் அரை நிமிஷம் கிடந்தாலே சுருண்டு, ஓரத்துச் செல்கள் சாகும். கவர்ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்குங்கள், தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழ் வரும், பிள்ளைகள் அதைத்தான் செல் என்று வரைவார்கள். கெட்டியான கருப்பு வளையத்தோடு வட்டமாக இருந்தால் அது குமிழி.

முதலில் நீரிலேயே பார்த்து, 10 மடங்கு லென்ஸில் நல்ல ஊதாச் செல்கள் நாலைந்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஸ்லைடை நகர்த்தாமல் கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 5 சதவீத உப்புக் கரைசல் ஒரு சொட்டு, எதிர் ஓரத்தில் வடிதாள் துண்டு. தாள் நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே போகும். இரண்டு மூன்று சொட்டு இப்படி மாற்றினால் சில நிமிஷத்தில் ஊதா நிறம் மூலைகளை விட்டு விலகத் தொடங்கும். அதே செல் கண்ணெதிரே சுருங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டாம்.

யாழ் உயிரியல் | ஜூலை 7, மதியம் 1.15

உள்பக்கத் தோலையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். கரைசலுக்கு நிறம் கொடுங்கோ. உப்புக் கரைசலில் சிவப்பு உணவு வர்ணம் சில சொட்டு கலந்து விட்டால், உயிருள்ள கலத்துக்குள் (உங்கள் செல்) வர்ணம் போகாது. சுவருக்கும் கலமென்சவ்வுக்கும் இடையில் திறக்கிற வெளி மட்டும் சிவக்கும், சவ்வுக்குள் இருக்கிற முதலுரு வெள்ளையாய் நடுவில் நிற்கும். இன்னொரு வழி நியூட்ரல் ரெட் சாயம், மிக ஐதான (நீர்த்த) கரைசல். அது கலத்தைக் கொல்லாமல் புன்வெற்றிடத்துக்குள் (உங்கள் நுண்குமிழி) சேரும்.

அந்தச் சிவந்த வெளியில் என்ன இருக்கு என்று கேட்டால் பத்தில் எட்டுப் பிள்ளை 'வெற்றிடம்' அல்லது 'காற்று' என்று எழுதும். வெளிக்கரைசல்தான் இருக்கு. கலச்சுவர் எல்லாவற்றையும் உள்ளே விடும், தடுப்பது சவ்வு மட்டும். வர்ணம் போட்டால் இது வாய்ச்சொல்லாக இல்லாமல் கண்ணுக்கே தெரியும்.

பழைய நுண்ணோக்கி | ஜூலை 7, மாலை 5.40

நல்ல யோசனை, என் முதல் தப்பைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். இதோடு நுண்ணோக்கியில் ஒளியைக் கட்டுப்படுத்துகிற டயாஃப்ரத்தையும் சொல்லியிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் விளக்கை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். துளையைச் சுருக்கினால் நிறமற்ற சவ்வின் ஓரம்கூட மெல்லிய கோடாகத் தெரியும்.

தாவரவியல் டீச்சர் | ஜூலை 7, இரவு 8.50

5 சதவீத உப்பு போதும், 5 சதவீத சர்க்கரை போதாது. ஏன்? இரண்டும் 100 மி.லி.க்கு 5 கிராம்தானே. பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

பழைய நுண்ணோக்கி | ஜூலை 7, இரவு 9.30

சவ்வு வழியாக நீர் நகர்கிற சவ்வூடு பரவலுக்கு எடை கணக்கில்லை, தலைகள்தான் கணக்கு. லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரையை அதன் மூலக்கூறு எடை 342ஆல் வகுத்தால் 0.146 மோல். அதே 50 கிராம் உப்பை 58.5ஆல் வகுத்தால் 0.855 மோல், அதுவும் நீரில் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிந்து 1.71. கிட்டத்தட்ட 12 மடங்கு. யானைக்கூட்டத்தையும் எறும்புக்கூட்டத்தையும் ஒரே எடைக்கு நிறுத்தினால் தலை எண்ணிக்கை ஒன்றாக வருமா?

சர்க்கரையில்தான் செய்ய வேண்டும் என்றால் 0.5 மோலாருக்குப் போங்கள். 17.1 கிராம், 100 மி.லி.

ரத்தக்கறை | ஜூலை 8, காலை 7.05

சின்னத் திருத்தம். 'இரண்டாகப் பிரிந்து' என்பது தாளில் சரி. 0.9 சதவீத சலைனை இப்படிக் கணக்குப் போட்டால் 308 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கைக்கான அளவு) வரும், கருவியில் வைத்து அளந்தால் 286 பக்கம்தான் நிற்கும். அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் முழு இரண்டு கிடைப்பதில்லை. பள்ளிக்கு 2 போதும், நீட் கேள்வியிலும் 2தான். ஆனால் 286தான் ரத்த பிளாஸ்மாவின் அளவோடு ஒட்டி வருகிறது, அதனால்தான் சலைன் வேலை செய்கிறது.

யாழ் உயிரியல் | ஜூலை 8, மதியம் 12.40

செறிவு பற்றிய பேச்சு வந்ததால் எங்கள் இலங்கை உயர்தரச் (உங்கள் பிளஸ் டூ) செய்முறையைச் சொல்கிறேன். ரியோ இலையின் கரைய அழுத்தம், அதாவது கரைபொருளால் கலச்சாறு நீரை இழுக்கும் அளவு, காண்பது. சுக்குரோசு 0.10, 0.15, 0.20 என்று 0.40 மோலார் வரை வரிசையாகக் கரைசல். ஒவ்வொன்றிலும் ஒரு தோல் துண்டு, 20 நிமிடம். பிறகு ஒரு பார்வைப்புலத்தில் மொத்தக் கலங்கள் எத்தனை, அதில் முதலுருச்சுருக்கம் (உங்கள் பிளாஸ்மா சிதைவு) அடைந்தவை எத்தனை என்று எண்ணி, சதவீதத்தை வரைபில் போட வேண்டும். 50 சதவீதக் கோடு எந்தச் செறிவில் வெட்டுகிறதோ அங்கே சராசரிக் கலத்தின் வீக்க அமுக்கம் பூச்சியம். அந்த நிலையில் நீரழுத்தமும் கரைய அழுத்தமும் ஒன்று.

வெட்டுகிற இடம் 0.25 என்று வையுங்கோ. வெப்பநிலை 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். செறிவு × வாயு மாறிலி × வெப்பநிலை: 0.25 × 0.0831 × 300 = 6.2 பார். குறி எதிர். ஆக மைனஸ் 0.62 மெகாபாஸ்கல்.

கெட்டுப்போகும் இடம் கரைசல் தயாரிப்பு. 1 மோலாருக்கு 342 கிராம் சீனியை முதலில் கொஞ்ச நீரில் கரைத்து, பிறகு 1 லீற்றர் குறிவரை நிரப்ப வேண்டும். 342 கிராமோடு 1 லீற்றர் நீரைச் சேர்த்தால் கரைசல் 1.2 லீற்றருக்கு வந்துவிடும், செறிவு 0.83. முழு வரைபும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும், பிழை எங்கே என்று தெரியாது.

தாவரவியல் டீச்சர் | ஜூலை 8, மாலை 4.10

நீரழுத்தம், வீக்க அமுக்கம் இரண்டும் வேறா? இங்கே இரண்டுமே அழுத்தம்தான். நாங்கள் நீரியல் திறன், விறைப்பு அழுத்தம் என்போம்.

யாழ் உயிரியல் | ஜூலை 8, மாலை 4.55

எங்களுக்கு அமுக்கம் என்றால் நீங்கள் சொல்கிற அழுத்தம். அழுத்தம் என்றால் நீங்கள் சொல்கிற திறன். மின்னழுத்தம் என்கிறோமே, அந்த அழுத்தம். உங்கள் சவ்வூடு பரவல் எங்கள் பிரசாரணம், செல் எங்கள் கலம். வெங்காயம் மட்டும் இரண்டு கரையிலும் வெங்காயம்.

தாவரவியல் டீச்சர் | ஜூலை 10, இரவு 9.00

வந்துவிட்டது! உப்பு விட்டு மூன்றாம் நிமிஷம் ஊதாப் பந்து நடுவில் நிற்கிறது. ஆர்வத்தில் ஒரு பேட்ச் 10 சதவீத உப்பு போட்டு அரை மணி நேரம் வைத்துவிட்டது. திரும்ப நீர் விட்டபோது பாதிச் செல் விரியவில்லை, சில செல்லில் நிறம் கசிந்து மொத்தமும் வெளிறிவிட்டது. மீட்சி ஏன் நடக்கவில்லை?

பழைய நுண்ணோக்கி | ஜூலை 10, இரவு 9.45

செத்துவிட்டன. நிறம் கசிந்ததே சாட்சி. சவ்வு சுவரை விட்டு விலகும்போது முழுசாக விலகுவதில்லை, நூல்நூலாகச் சில இழைகள் சுவரோடு ஒட்டி நிற்கும். 40 மடங்கு லென்ஸில் பார்க்கலாம். வேகமாகச் சுருக்கினால் இழை அறுகிறது. நிறைய நேரம் வைத்தால் உப்பே விஷமாகிறது. பிறகு ஒரேயடியாகத் தூய நீர் விட்டால் சுருங்கிய சவ்வு சட்டென்று உப்பிக் கிழிகிறது. மீட்சி காட்ட 0.5 மோலார் சர்க்கரையில் ஐந்து நிமிஷம், பிறகு பாதிச் செறிவு, பிறகு நீர்.

கெட்ட ஸ்லைடைத் தூக்கிப் போடாதீர்கள். உயிரோடு இருந்தால்தான் சவ்வு சவ்வு என்பதற்கு அதைவிட நல்ல படம் இல்லை. அவித்த உருளைக்கிழங்கில் குழி தோண்டிச் சர்க்கரைக் கரைசல் வைத்தால் மட்டம் ஏறாததும் இதனால்தான்.

ரத்தக்கறை | ஜூலை 11, காலை 6.50

அப்படியானால் உலர் திராட்சையை நீரில் போட்டு 'இதோ சவ்வூடு பரவல்' என்று காட்டுகிறோமே, அது? திராட்சை காயும்போதே செல்சவ்வுகள் பெரும்பாலும் செத்திருக்குமே.

பழைய நுண்ணோக்கி | ஜூலை 11, மாலை 6.15

மாட்டிவிட்டீர்கள். ஆமாம், அது சுத்தமான உதாரணம் இல்லை. காய்ந்த சுவர்கள் நீரை உறிஞ்சி உப்புவதும் அதில் சேர்ந்திருக்கிறது. சர்க்கரையும் வெளியே கசிகிறது, ஊறிய தண்ணீர் இனிப்பதே அதற்கு அடையாளம். ஆறாம் வகுப்புக்கு விட்டுவிடலாம், பதினொன்றில் வேண்டாம்.

அதே சூட்டில் இன்னொன்று. 'செடி வாடுவது பிளாஸ்மா சிதைவு' என்று வழிகாட்டி நூல்களில் வருகிறது. தப்பு. காற்றில் வாடும்போது சுவருக்கும் சவ்வுக்கும் நடுவில் புகுந்து நிரப்பக் கரைசல் எங்கே இருக்கிறது? சவ்வு சுவரையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும், காற்றுப் போன டியூப் மாதிரி செல் முழுசும் மடங்கும். விலகல் கிடையாது. பிளாஸ்மா சிதைவு பார்க்க வேண்டுமென்றால் வாடிய கீரையை விட்டுவிட்டு, மாவடு ஜாடிக்குப் போங்கள்.

உப்பங்கழி | ஜூலை 11, இரவு 8.30

மாவடு எப்படி? அதுவும் தோலோடு சேர்ந்துதானே சுருங்குகிறது.

பழைய நுண்ணோக்கி | ஜூலை 12, காலை 6.05

அதையும் யோசித்தேன், அவசரப்பட்டுவிட்டேன். கல்லுப்பு போட்ட முதல் நாள் இரண்டு நாள் செல்கள் நீரை இழப்பது சவ்வூடு பரவல்தான், ஜாடியில் தண்ணீர் விடுவது அதுதான். உப்பு நீர் சுவர் தாண்டிப் போகிற இடங்களில் பிளாஸ்மா சிதைவும் நடக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சுருக்கம் மொத்தத் திசுவின் விறைப்பு போனதால் வருவது. சில நாளில் செல்கள் செத்து, உப்பு உள்ளே தாராளமாக இறங்குகிறது. உள்ளே இறங்கினால்தானே ஊறுகாய். சுருங்கின வடுவை நல்ல தண்ணீரில் போட்டால் உப்பு குறையும், பழைய வழவழப்பு வராது. மீட்சி இல்லாத ஸ்லைடு அது.

தாவரவியல் டீச்சர் | ஜூலை 13, இரவு 9.20

தாவரம் முடிந்தது. விலங்கு செல்லுக்கு சிவப்பணு காட்ட ஆசை. ஆட்டு ரத்தம் வாங்கலாமா?

ரத்தக்கறை | ஜூலை 13, இரவு 10.10

பிள்ளைகள் விரலைக் குத்தாதீர்கள், தொற்று பயம். ஆட்டு ரத்தம் சரி, ஆனால் கசாப்புக் கடைக்குப் போகும்போதே பாட்டிலில் 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் கொண்டுபோக வேண்டும், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம், மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கவும். குலுக்கினால் அங்கேயே பாதி உடைந்துவிடும். அன்றைக்கே பயன்படுத்துங்கள். கையுறை கட்டாயம்.

ஏழு சோதனைக்குழாய்: 0.9, 0.7, 0.6, 0.5, 0.45, 0.4, 0.3 சதவீத உப்பு, ஒவ்வொன்றிலும் 5 மி.லி. ஒரே அளவு ரத்தச் சொட்டு. அரை மணி கழித்துப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடியுங்கள். செல் முழுசாக இருந்தால் கலங்கல், எழுத்து தெரியாது. உடைந்திருந்தால் தெளிந்த சிவப்பு, எழுத்து படிக்கலாம். நுண்ணோக்கியே தேவையில்லை.

மனித ரத்தத்தில் உடைவது 0.5 முதல் 0.45க்குள் தொடங்கி 0.35 முதல் 0.3க்குள் முடியும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஆட்டு ரத்தம் தப்பு என்று சொல்லாதீர்கள். ஆட்டுச் சிவப்பணு மனிதனுடையதில் பாதி விட்டம்கூட வராது, 3 முதல் 4 மைக்ரான். அது இன்னும் அடர்ந்த கரைசலிலேயே உடையத் தொடங்கும்.

மேல்வகுப்புக்கு ஒரு பொறி வைக்கலாம். 1.8 சதவீத யூரியாவும் சலைனைப்போல 300 அளவு மில்லி ஆஸ்மோல்தான். ஆனால் அதில் மனிதச் சிவப்பணு சட்டென்று உடையும். யூரியா சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும், நீர் பின்னாலேயே வரும். செறிவு ஒத்திருந்தால் போதாது, கரைபொருள் உள்ளே நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நீர் அவ்வளவு வேகமாகச் சவ்வைத் தாண்ட வழி அக்வாபோரின் என்ற புரதத் துளை. பீட்டர் ஏக்ரி அதைக் கண்டதே சிவப்பணுச் சவ்வில்தான், 2003இல் வேதியியல் நோபல்.

யாழ் உயிரியல் | ஜூலை 14, மதியம் 1.30

உடலுக்குள் வந்துவிட்டோம், சிறுநீரகத்தையும் தொட்டுவிடுவோம். நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகிறது, நாளுக்கு 180 லீற்றர். வெளியே போவது ஒன்றரை லீற்றர். மீதியை உடல் 'நீர் பம்பு' வைத்து இழுக்கிறது என்று பிள்ளைகள் நினைக்கும். அப்படி ஒரு பம்பு உடலில் எங்கும் இல்லை. சோடியத்தைத்தான் பம்பு பண்ணுகிறது, நீர் அதன் பின்னால் போகிறது. சிறுநீரகத்தின் உள்பகுதியான மையவிழையம் 1200 மில்லி ஒஸ்மோல் வரை உப்பும் யூரியாவும் சேர்ந்து கெட்டியாக இருப்பதால், ஓமோன் (ஹார்மோன்) சொன்னதும் சிறுநீர் சேர்க்கும் கானின் (குழாயின்) சவ்வில் அக்வாபோரின் வந்து சேர்ந்து, நீர் தானாக வெளியே இறங்குகிறது. உங்கள் வெங்காயச் ஸ்லைட்தான், குழாய் வடிவில்.

ரத்தக்கறை | ஜூலை 14, மாலை 7.00

குடலிலும் அதே. வயிற்றுப்போக்குக்கு உப்பு மட்டும் கலந்த நீர் பெரிதாக உதவாது. குளுக்கோசும் சோடியமும் கைகோத்துத்தான் குடல் செல்லுக்குள் போகும், நீர் பின்தொடரும். 1971இல் வங்கதேச அகதிகளுக்கான முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனோபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலந்து கொடுத்ததும் இந்தக் கதவை நம்பித்தான். வீட்டுக் கணக்கு: 1 லிட்டர் கொதித்து ஆறிய நீர், 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. சர்க்கரையைக் கூட்டினால் நல்லது என்று அள்ளிப் போடாதீர்கள், குடலுக்குள் அடர்த்தி ஏறி நீர் எதிர்த்திசையில் இறங்கும், பேதி கூடும். உலக சுகாதார நிறுவனமே பழைய 311ஐ 245 மில்லி ஆஸ்மோலாகக் குறைத்தது.

உப்பங்கழி | ஜூலை 15, இரவு 9.40

எல்லாரும் உப்பைக் கண்டு செல் சுருங்குகிறது என்கிறீர்கள். பிச்சாவரத்தில் அலையாத்திக் காடே உப்பில் நிற்கிறது, அதைச் சொல்ல வேண்டாமா?

கடல்நீரிலிருந்து நல்ல நீரைப் பிரிக்க சுமார் 25 வளிமண்டல அழுத்தத்தை வெல்ல வேண்டும். நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் ஆலையில் பம்பு தள்ளுகிறது, அலையாத்தி மரமான சுரபுன்னையில் இலை இழுக்கிறது. இலையில் நீராவி போகப் போக மரத்தின் நீர்க்குழாய்க்குள் இழுவை ஏறி, வேர்ச்சவ்வு வழியாக நீர் மட்டும் வருகிறது. 90 சதவீதத்துக்கு மேல் உப்பு வெளியிலேயே நின்றுவிடும். வெண்கண்டல் வேறு வகை. கொஞ்சம் உப்பை உள்ளே விட்டு, இலையில் உள்ள சுரப்பி வழியாகத் துப்பும். வெயில் ஏறிய பிறகு இலையைத் தடவினால் விரலில் உப்புப்பொடி ஒட்டும்.

ஆனால் எதற்கும் எல்லை உண்டு. முன்பு பிச்சாவரத்தில் பாத்தி பாத்தியாக மரத்தை மொட்டையாக வெட்டிய இடங்களில் மண் இறங்கித் தொட்டிபோல ஆனது. ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) ஏறிய நீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, கடலைவிட உப்பானது. அங்கே கண்டல் கன்றுகூட முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்து போக வழி செய்த பிறகுதான் நடவு பிடித்தது. உரமோ மருந்தோ இல்லை, உப்பைக் கழுவ ஒரு வாய்க்கால்.

தாவரவியல் டீச்சர் | ஜூலை 15, இரவு 10.15

மீன்? கடல் மீனின் உடம்பும் ஊறுகாய் ஆகாமல் எப்படி?

உப்பங்கழி | ஜூலை 16, காலை 5.50

எலும்பு மீன்கள் கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுளால் தள்ளும். நன்னீர் மீன் நேர் எதிர்: குடிக்காது, நீர்த்த சிறுநீரை நிறையக் கழிக்கும். மடவையும் கொடுவாவும் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும், அதனால்தான் முகத்துவாரத்தில் வாழ்கின்றன.

சுறா தந்திரக்காரன். யூரியாவை ரத்தத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு கடல்நீரைவிட ஒரு பிடி அடர்த்தியாகவே இருக்கும், நீர் தானாக உள்ளே வரும். பழைய சுறா மூக்கைத் துளைப்பது இதனால்தான், செத்த பிறகு பாக்டீரியா யூரியாவை அம்மோனியாவாக்கும். சுறாப் புட்டுக்கு வாங்கினால் செவுளருகே மோந்து பாருங்கள்.

தாவரவியல் டீச்சர் | ஜூலை 16, இரவு 8.05

நாளை ரியோவும் வெங்காயமும் பக்கம் பக்கமாக. சிவப்பு உணவு வர்ணம் வாங்கியாயிற்று. ஊதாத் தோலுக்கும் அதே வர்ணத்தைப் போடலாமா?

யாழ் உயிரியல் | ஜூலை 16, இரவு 8.20

வேண்டாம், ஊதாவும் சிவப்பும் கலந்து எல்லை மங்கும். ஊதாத் தோலுக்கு நிறமில்லாத உப்பு, வெள்ளைத் தோலுக்கு வர்ண உப்பு. ஸ்லைட் விளிம்பில் பென்சிலால் குறித்து வையுங்கோ, மாறிப்போகும்.